பாரமில்லை என்று கோர்ட்டில் சொன்னது

ஜூன் 12, புதன்

வக்கீல் ஆபீசில் இருந்த அத்தனை பேரையும் இன்று தும்ம வைத்துவிட்டு வந்தேன்.

நான் வேலை பார்க்கிற மசாலா மில்லில் காலையிலிருந்து சம்பா மிளகாய் வத்தல் லோடு. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள் என்று முகம் கழுவினேன், சட்டை மாற்றினேன், தலையை மட்டும் மறந்துவிட்டேன். கொண்டுபோய் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் குமாஸ்தா தும்மினார். அப்புறம் பக்கத்தில் காத்திருந்த ஒரு பாட்டையா. கடைசியில் வக்கீல் மேடமே மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"எல்லாத்துக்கும் சளியா மேடம்? சுக்கு போட்டுக் குடிங்க" என்றேன், அக்கறையாக.

லோசனி சக்கர நாற்காலியிலிருந்து என் பக்கம் சாய்ந்து, "அப்பா, நீதான்" என்றாள்.

மேடம் பேர் எஸ்தர். இலவச சட்ட உதவியில் நமக்கென்று நியமித்த வக்கீல். காசு கிடையாது. காசு வாங்காத வக்கீல் எப்படி இருப்பாரோ என்று நினைத்துப் போனேன். தும்மல் நின்றதும் கேட்ட முதல் கேள்வியே என்னைச் சாய்த்துவிட்டது.

"வாசல்ல இருந்த சாய்தளத்த எப்ப ஒடச்சாங்கண்ணே?"

"வைகாசி விசாகத்துக்கு மறுநா மேடம்."

"எப்பக் கட்டுனீங்க?"

"அதுக்கு முந்துன வருசம், அழகர் ஆத்துல எறங்கி மூணு நாள் கழிச்சு."

"அண்ணே, கோர்ட்டுல திருவிழாவ வச்சுத் தேதி எழுத முடியாது. இன்னைலேர்ந்து நடக்குறத தேதி போட்டு எழுதி வைங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்ற கை. எழுத்து கோணலாகத்தான் வரும்.

ஜூன் 13, வியாழன்

மேடத்துக்காக ஆதியிலிருந்து எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பழைய காலத்து வீடு. தெருவுக்கு ஒரே தலைவாசல். உள்ளே நுழைந்ததும் ஒரு நடைவழி. கீழே நாங்கள், மாடியில் வீட்டுக்காரர் பரமசிவம் அண்ணனும் கனகம் அக்காவும் அவர்கள் மகளும். எல்லோரும் அந்த ஒரு வாசலைத்தான் தாண்ட வேண்டும். வெளியே இரண்டு படி. அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்கு ஒரு நிலைப்படி. கட்டினவர்கள் யானை உள்ளே வந்துவிடக் கூடாதென்று நினைத்திருப்பார்கள் போல.

லோசனிக்கு நாலு வயதிலிருந்தே கால் இல்லாத மாதிரிதான். முழுப்பேர் மீனலோசனி, வயது இருபத்திமூன்று. இரண்டு தெரு தள்ளி இருக்கிற இ-சேவை மையத்தில் வேலை. ஊரில் பாதிப் பேருடைய வருமானச் சான்றும் சாதிச் சான்றும் அவள் கையால் போனதுதான். பரமசிவம் அண்ணனிடம் கேட்டு, படியின் மேலும் நிலைப்படியின் மேலும் சிமென்ட் போட்டுச் சாய்தளம் கட்டினோம். அவர் பல் விளக்கிக்கொண்டே "செஞ்சுக்கப்பா" என்றார். வாயில் பேஸ்ட்டோடு கொடுத்த அனுமதி. அன்றிலிருந்து லோசனி தானாக வேலைக்குப் போனாள், தானாக வந்தாள்.

பிறகு அண்ணன் மகளுக்கு இரண்டு வரன் வந்து தட்டிப்போனது. யாரோ வாஸ்து பார்க்கிறவர் வந்து, "தலைவாசல் நெலப்படிய மூடிட்டா லச்சுமி எப்படி உள்ள வருவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வைகாசி விசாகத்துக்கு மறுநாள் ஆள் வைத்து உடைத்துவிட்டார்கள்.

நான் சண்டைக்குப் போகவில்லை. லோசனியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மில்லுக்குப் போனேன். சாயங்காலம் தூக்கி உள்ளே வைத்தேன். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அவள் அப்படி நினைக்கவில்லை. என்னிடம் சொல்லாமலே சட்ட உதவிக்கு மனுப் போட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் மனுப் போடுகிறவளுக்குத் தனக்குப் போடத் தெரியாதா. எஸ்தர் மேடம் சாய்தளத்தைத் திரும்பக் கட்டிக் கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் விட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் கட்டிடத்தை மாற்றிவிட்டோம், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கேஸ் போட்டுவிட்டார்.

மேடம் கேட்டது தேதிதான். நான் புராணமே எழுதிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

தூக்கினேன். போனேன். வந்தேன். தூக்கினேன்.

ஜூன் 20, வியாழன்

காலையில் என் சம்சாரம் பஞ்சவர்ணம் சீக்கிரமே ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய்விடுகிறாள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது. அதனால் தூக்குகிற உத்தியோகம் முழுக்க எனக்கு.

அதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் நாற்காலியை வெளியே கொண்டுபோய் பிரேக் போட வேண்டும். அப்புறம் அவளை. இடது கை முதுகுக்கு, வலது கை முழங்காலுக்கு அடியில். அவள் என் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொள்வாள். நிலைப்படியைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொத்தமல்லி மூட்டை தூக்கிப் பழகின உடம்பு, இது ஒன்றும் பெரிதில்லை.

எதிர்வீட்டு டெய்லர் இன்று, "என்ன சோலையண்ணே, புதுமாப்பிள்ள கணக்காத் தூக்கிட்டு வர்றீக" என்றான். நான் சிரித்தேன். லோசனி முகத்தை என் தோளுக்குள் திருப்பிக்கொண்டாள். வெயில் பட்டிருக்கும்.

ஜூன் 28, வெள்ளி

ஒரு கல்யாண வீட்டு லோடு. மசாலா அரைத்து முடிக்க ஏழரை ஆகிவிட்டது. போனில் லோசனி ஆறேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். மிஷின் ஓடும்போது எமன் கூப்பிட்டாலும் கேட்காது.

வந்து பார்த்தால் வாசலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். காற்று வாங்குகிறாள் போல என்று நினைத்தேன்.

"டெய்லரக் கூப்ட்டா தூக்கி உள்ள விட்ருப்பான்ல?"

"அவன் என்னைத் தூக்கணுமா?"

உள்ளே தூக்கிப் போனதும் நேராகக் குளியலறையில் விடச் சொன்னாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. போட்டிருந்த சுடிதாரை அங்கேயே துவைத்து, நாற்காலியில் கிடந்த துணி விரிப்பையும் துவைத்துவிட்டாள்.

"வெளக்கு வச்ச பெறகு என்னத்துக்குடி தொவைக்கிற?" என்று டூட்டி முடிந்து அப்போதுதான் வந்த பஞ்சவர்ணம் கேட்டாள்.

"டீ கொட்டிருச்சு."

பஞ்சவர்ணம் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் எதுவும் கேட்காமல் துணியை வாங்கிப் பிழிந்து காயப்போட்டாள். என்னிடம் மட்டும் ராத்திரி முழுக்க முகம் கொடுக்கவில்லை. டீ கொட்டினது மகள், கோபம் என் மேல்.

ஜூலை 5, வெள்ளி

லோசனி இப்போதெல்லாம் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. வேலைக்குப் போகும் முன் காப்பியும் வேண்டாம் என்கிறாள். "ஒடம்பு சூடாயிரும், நீர்க்கடுப்பு வரும்" என்று அரைமணி நேரம் புத்தி சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

ஜூலை 10, புதன்

ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். கேஸ் தோற்றால் போக ஓரிடம் வேண்டுமே என்று, இந்த வாரம் முழுக்க டு-லெட் போர்டு பார்த்து அலைந்தேன். மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்.

மதுரையில் கீழ்வீடு என்று சொல்கிற வீடு எதுவும் கீழே இல்லை. ஒன்றில் ஐந்து படி. ஒன்றில் படி இல்லை, கக்கூஸ் மாடியில். ஒரு வீடு எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி, மோர் கொடுத்தார். மகளுக்குச் சக்கர நாற்காலி என்று சொன்னதும், "அடடா, எங்க நாத்தனார் குடும்பம் வர்றதாச் சொல்லிருக்காங்களே, மறந்தே போச்சு" என்றார். மோர் குடிக்கிற வரைக்கும் அந்த நாத்தனார் வருவதாக இல்லை.

வீட்டுக்கு வந்து லோசனியிடம், "ஒரு வீடும் தோதாப்படல, இவிங்களையே அனுசரிச்சுப் போயிருவோம்" என்றேன்.

"அனுசரிச்சுன்னா எப்படிப்பா?"

"நாந்தான் இருக்கேன்ல, தூக்குறதுக்கு."

"நீ எத்தன வருசம் இருப்ப?" என்றாள்.

கேட்டதும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாப்ட வா" என்று அவளே போய்த் தட்டு எடுத்து வைத்தாள்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கனகம் அக்கா விடியும் முன்னே இறங்கி வந்து நிலைப்படியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டியிருந்தார். கேஸ் நடக்கிறதென்று பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் மஞ்சள் காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன். மிதித்துவிடக் கூடாதென்று எட்டி ஒரு கால் வைத்ததில் நிலை தடுமாறி, லோசனியோடு சுவரில் போய் மோதினேன். என் முழங்கை சிராய்த்தது. அவள் இரண்டு கையாலும் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

மேலே படிக்கட்டில் கனகம் அக்கா நின்றிருந்தார். "அய்யோ" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இறங்கி வரவில்லை.

ஜூலை 24, புதன்

கோர்ட். பரமசிவம் அண்ணனுக்குக் கூண்டு. எஸ்தர் மேடம் கேட்டார், "சாய்தளம் கட்டிக்கச் சொல்லி நீங்க அனுமதி குடுத்தீங்களா?"

"குடுக்கல."

"கட்டும்போது மாடிலதான இருந்தீங்க? அப்ப ஏன் தடுக்கல?"

"ஊருக்குப் போயிருந்தேன்."

என்னைப் பார்க்காமல் சொன்னார். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது மட்டும், "சோலை, சாப்ட்டியா?" என்றார். பழக்க தோஷம். நானும் "சாப்ட்டேண்ணே" என்றேன். எனக்கும் அதே தோஷம்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று எனக்குக் கூண்டு.

போகும் முன் எஸ்தர் மேடம் மூன்று தடவை சொன்னார். "கேட்டதுக்கு மட்டும் பதில். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நல்ல பேர் வாங்கப் பாக்காதீங்க." சரி சரி என்று தலையாட்டினேன். தலைக்கு எண்ணெய் வைத்து, வத்தல் நெடி போகக் குளித்துவிட்டுத்தான் போனேன்.

மேடம் கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் சொன்னேன். அப்புறம் அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்தார். சின்ன வயதுக்காரர். ரொம்ப மரியாதை.

"ஐயா, சாய்தளத்த எடுத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப ஒங்க பொண்ணு வேலைக்குப் போறாங்களா?"

"போகுதுங்க. ஒரு நா லீவு போடல."

"எப்படிப் போறாங்க?"

"நான் தூக்கி வெளிய வச்சிருவேங்க."

"ஒங்களுக்கு அது ரொம்பச் சிரமமா இருக்குமே?"

எஸ்தர் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு அது தெரிந்தது. ஆனால் அந்த ஆள் கேட்டவிதம், கோர்ட்டு முழுக்க உட்கார்ந்திருந்த ஜனம், முன்வரிசையில் நாற்காலியில் லோசனி. எத்தனை பேர் முன்னால் என் மகளை ஒரு சுமை என்று நான் சொல்ல வேண்டும்?

"சிரமமா? எம் பொண்ணு எனக்குப் பாரமாங்க? காலம்பூரா தூக்குவேன். அதெல்லாம் ஒண்ணுமேயில்லைங்க" என்றேன்.

"ஆக, சாய்தளம் இல்லாமலே அவங்க போயிட்டு வர முடியுது. வேற கேள்வி இல்லங்கய்யா" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஜெயித்த மாதிரிதான் கூண்டிலிருந்து இறங்கினேன். லோசனி முகத்தைப் பார்த்த பிறகுதான் யார் ஜெயித்தார்கள் என்று புரிந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பஞ்சவர்ணம் சோறு போடும்போது, "நம்ம வக்கீலம்மாவுக்குச் சாட்சி சொன்னீங்களா, அவிங்க வக்கீலுக்குச் சொன்னீங்களா?" என்றாள்.

"உண்மையச் சொன்னேன்."

"ஒங்க உண்மைய யாரு கேட்டா?"

காலையில் தூக்கும்போது லோசனி கழுத்தில் கை போடவில்லை. மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். கை போடாவிட்டால் கனம் கூடிவிடுகிறது. இது விஞ்ஞானம், வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேடம் என்னை மட்டும் வரச் சொன்னார். திட்டுவார் என்று போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, நீங்க நல்ல அப்பா. நல்ல சாட்சி இல்ல."

"பாரம்னு சொல்லிருக்கணுமா மேடம்? அந்தப் புள்ள முன்னாடி?"

"வேண்டாம். நான் கேக்குறது வேற. நீங்க தூக்குறது ஒங்களுக்குச் சிரமமா இல்லையாங்கிறது கேஸே இல்ல. ஒருத்தங்க வந்து தூக்குற வரைக்கும் அந்தப் பொண்ணு காத்திருக்கணுமா? அதுதான் கேஸ். வாசல் எல்லாருக்கும் பொது. வசதி பண்ணிக் குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. அது தயவு இல்ல."

"புரியுது மேடம்."

"ஒங்களுக்கு முழுசாப் புரியல. லோசனிய சாட்சியாக் கூப்டப் போறேன். அன்னைக்கு நீங்க கோர்ட்டுக்கு வரணுமா வேண்டாமான்னு அதுகிட்டயே கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"வரட்டும்னு சொல்லுச்சு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் சொல்லுச்சு."

டீக்கு நான்தான் காசு கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, பாக்கெட்டில் கைவிட்டால் மில் சாவி மட்டும் இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

கூண்டுக்கும் படி. அதனால் நீதிபதி லோசனியைத் தரையிலேயே, தன் மேஜைக்கு முன்னால், நாற்காலியில் இருந்தபடி சாட்சி சொல்ல அனுமதித்தார். கனகம் அக்காவும் இன்று வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் மேடம், "ஜூன் இருபத்தெட்டாம் தேதி என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

"அஞ்சரைக்கு வேல முடிஞ்சு வாசலுக்கு வந்தேன். அப்பா மில்லுல. போன் எடுக்கல. ஏழரை வரைக்கும் வெளிய இருந்தேன்."

"அந்த ரெண்டு மணி நேரம்?"

லோசனி என் பக்கம் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள். இ-சேவை கவுன்டரில் பேசுகிற அதே குரல்.

"பாத்ரூம் போகணும்னு இருந்துச்சு. வாசல்லேர்ந்து பாத்ரூம் தெரியும். அந்தப் படியத் தாண்ட முடியல. கடைசில நாற்காலிலயே ஆயிருச்சு. தெருவுல எல்லாரும் போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் நான் வேலைக்குப் போற நாள்ல தண்ணி குடிக்கிறதில்ல."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்து, "ஒங்கப்பா பாரமில்லன்னு சொன்னாரே?" என்றார். முன்னே இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்து, கூச்சமாகத்தான் கேட்டார்.

"அவருக்குப் பாரமில்ல சார். அது நெசம். என்னைத் தூக்குறது எனக்கு எப்படி இருக்குன்னு யாரும் கேக்கல."

நான் எழுந்து வெளியே போனேன். வராண்டாவில் தண்ணீர்க் குழாய் இருந்தது. முகம் கழுவினேன். வத்தல் நெடி என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். இன்று லீவு, மில்லுக்கே போகவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மில் லீவு. இன்று எதுவும் எழுதத் தோன்றவில்லை. டீ கொட்டிருச்சு என்றாளே.

ஆகஸ்ட் 28, புதன்

இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பினார். வட்ட மேஜை. நடுவில் மத்தியஸ்தர், வயசான வக்கீல். இங்கே பேசுவது கேஸில் சேராது, மனசில் இருப்பதைச் சொல்லலாம் என்றார். மனசில் இருப்பதைச் சொல்லி ஏற்கெனவே ஒருதடவை மாட்டினவன் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

பரமசிவம் அண்ணன் ஆரம்பித்தார். "எடத்துக்குச் சொந்தக்காரன் நானு. எங்கிட்டக் கேக்காம—"

"கேட்டாக" என்றார் கனகம் அக்கா.

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"ஊருக்குப் போகல நீங்க. பல்லு வெளக்கிக்கிட்டே செஞ்சுக்கன்னு சொன்னீக. மேஸ்திரிக்கு நாந்தான் குடத்துல தண்ணி மோந்து குடுத்தேன்."

"ஏ, கனகம்..."

"இருங்க. அன்னைக்கு அந்தப் புள்ள வாசல்ல உக்காந்து கெடந்தத மாடிலேர்ந்து பாத்தேன். என்னமோ சரியில்லன்னு தெரிஞ்சுச்சு. கேசு நடக்குதேன்னு எறங்கி வரல. நானும் ஒரு பொண்ணு பெத்தவ." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "ஆனா ஒண்ணு சோலை. நெலப்படி மேல சிமென்டு பூசச் சொல்லி யாரு சொன்னா? படிக்குப் போடுங்கன்னா, தலைவாசல் நெலப்படியவே அப்பிட்டீக. வெள்ளிக்கெழமை மஞ்ச பூச ஒரு எடமில்ல. ஒரு வருசம் எனக்கு மனசே ஆறல. நீ ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஆம்பளையிடம் கேட்டேன், பல் விளக்கின வாயிடம். வாசலுக்கு மஞ்சள் பூசுகிற ஆளிடம் கேட்கத் தோன்றவே இல்லை.

"இல்லக்கா. தப்புத்தேன்" என்றேன்.

அப்போது லோசனி பேசினாள். "பெரியம்மா, நெலப்படியத் தொடாம, படிக்கும் சேத்து மேல பாலம் மாதிரி இரும்புத் தகடு வச்சா? கைப்பிடி போட்டு, எடுத்து வைக்கிற மாதிரி. வெள்ளிக்கெழமை நீங்க எடுத்துட்டு மஞ்ச பூசிக்கலாம். நான் வேலைக்குப் போற நேரத்துக்குள்ள திரும்ப வச்சா போதும்."

"கனமா இருக்குமா?"

"ரெண்டா செஞ்சிருவோம். ஒங்களால தூக்க முடியும்."

கனகம் அக்கா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "ஆறரைக்கெல்லாம் நான் பூசி முடிச்சிருவேன்" என்றார்.

எஸ்தர் மேடம் மட்டும் விடவில்லை. பேச்சோடு பேச்சாகப் போகக் கூடாது, கேஸை வாபஸ் வாங்க வேண்டும், மூன்று வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் பதிவாக வேண்டும், சாய்தளம் வீட்டோடு சேர்ந்த வசதி என்று அதில் எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாக வைத்தார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் மேடத்துக்குக் கும்பிடு போட்டேன்.

"எனக்கு எதுக்குண்ணே? கேசு ஜெயிச்சது அது" என்று லோசனியைக் காட்டினார். அவர் போனில் அடுத்த ஆள் காத்திருந்தார், பார்வையில்லாத தம்பதி, மூன்றாவது மாடியிலிருந்து காலி செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். பேசிக்கொண்டே வெயிலில் இறங்கிப் போனார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மில்லுக்குப் பக்கத்துப் பட்டறையில் தகடு தயார். நான் அளவு தப்பாகக் கொடுத்து ஒரு விரற்கடை நீளமாகிவிட்டது. வெட்டிச் சரிசெய்தார்கள். லோசனி கொடுத்த அளவைத் தொலைத்துவிட்டு என் கண் அளவைச் சொன்னதன் பலன்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் தகட்டை மாட்டினோம். பரமசிவம் அண்ணன் இறங்கி வந்து, சட்டை போடாமல், அதன் மேல் இரண்டு தடவை நடந்து பார்த்தார். "மழ பேஞ்சா வழுக்காதுல?" என்றார். சொரசொரப்பாகக் கோடு போட்டிருப்பதைக் காட்டினேன். குனிந்து தடவிப் பார்த்து, "ம்" என்றார். மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். கனகம் அக்கா இரும்புக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

எட்டேமுக்காலுக்கு லோசனி நடையிலிருந்து வந்தாள். காப்பி குடித்திருந்தாள். நான் எழுந்து பின்னால் போய் நின்றேன், கை தானாக நீண்டுவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சக்கரத்தை இரண்டு தள்ளு தள்ளினாள், தகடு லேசாக அதிர்ந்தது, ஏறினாள், இறங்கினாள், தெருவில் இருந்தாள். டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். இன்று அவனுக்குக் கிண்டல் பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் நான் வரும்போது அவள் வீட்டுக்குள் இருந்தாள். விளக்குப் போட்டு, குக்கர் வைத்து, பஞ்சவர்ணத்தோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது, "ஒன் முதுகு தப்பிச்சுச்சுப்பா" என்றாள்.

"பின்ன? மல்லி மூட்டையெல்லாம் ஒனக்கு முன்னாடி பஞ்சு" என்றேன்.

"கோர்ட்டுல மட்டும் பாரமில்லன்ன?"

"அது சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொன்ன பொய்."

அவள் சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஞ்சவர்ணம் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

காலையிலும் சாயங்காலமும் அவள் என் கழுத்தில் கை போட்டிருந்த அந்த மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்று மட்டும் சொல்லவில்லை.